அக்வாமரின்: கடல்நிறக் கல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்வாமரின் என்றால் என்ன கல்?

பெரில் என்ற கனிமம் நீலமாகவோ நீலப்பச்சையாகவோ இருந்தால் அதை அக்வாமரின் என்கிறோம். லத்தீனில் இதற்குக் கடல்நீர் என்று பொருள். கரையில் நின்று பார்க்கும் கடலின் நிறம் அல்ல இது. படகில் சற்று உள்ளே போய், அடிமணல் தெரியும் ஆழத்தில் எட்டிப் பார்த்தால் தெரியுமே, அந்த நிறம்.

பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் என நான்கு தனிமங்கள் சேர்ந்தது பெரில். பச்சை மரகதமும் இதே கனிமம்தான். மஞ்சளாக இருந்தால் ஹீலியோடர், இளஞ்சிவப்பாக இருந்தால் மார்கனைட், நிறமே இல்லாவிட்டால் கோஷனைட். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம், கடையில் ஒட்டும் சீட்டில்தான் தூரத்து உறவுபோல ஆகிவிடுகின்றன.

மரகதமும் பெரிலும் ஒன்றே என்று வேதியியல் ஒப்புக்கொள்ள 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிட்டது. பிரெஞ்சுப் படிகவியலாளர் அயூயி, இரண்டின் படிக வடிவமும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைக் கவனித்தார். அவர் கேட்டுக்கொண்டபடி வோக்லா என்ற வேதியியலாளர் இரண்டையும் கரைத்துப் பார்த்தார். 1798இல் இரண்டிலும் அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம் இருப்பது தெரியவந்தது. அதன் உப்பு நாக்கில் இனித்ததால் முதலில் இனிப்பைக் குறிக்கும் 'குளூசினம்' என்ற பெயரே புழங்கியது. இப்போது அதைப் பெரிலியம் என்கிறோம். (அந்தக் காலத்து வேதியியலாளர்கள் எதையும் நக்கிப் பார்ப்பார்கள். பெரிலியம் நச்சு என்பது பின்னால்தான் தெரிந்தது.)

நீலக்கல்லா, பச்சைக்கல்லா? எது சரியான நிறம்?

இரண்டும் சரி. ஆனால் மண்ணிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலான கற்களில் பச்சை கலந்தே இருக்கும். சுத்த நீலம் என்று கடையில் காட்டுவதில் பெரும்பகுதி அடுப்பில் போட்டு எடுத்தது.

காரணம் இரும்பு. துருவும் இரும்புதான், இந்தக் கடல்நிறமும் இரும்புதான். பெரிலின் கட்டமைப்பில் அலுமினியம் உட்கார வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரும்பு அணு போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று எலெக்ட்ரான் இழந்த இரும்பு, ஒளியின் ஊதா ஓரத்தை விழுங்கும். அதனால் மஞ்சள் தெரியும். இரண்டு எலெக்ட்ரான் இழந்த இரும்பு சிவப்புப் பக்கத்தை விழுங்கும். அதனால் நீலம் தெரியும். ஒரே கல்லில் இரண்டும் இருந்தால் மஞ்சளும் நீலமும் கலந்து நீலப்பச்சை. பள்ளிக்கூடத்தில் வர்ணப்பெட்டியில் செய்த கலவைதான்.

பச்சை கலந்த கல்லைச் சுமார் 400 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றினால் முதல் வகை இரும்பு இரண்டாம் வகையாக மாறும். மஞ்சள் போய்விடும், நீலம் மிஞ்சும். மாறிய நிறம் மாறியதுதான், வெயிலிலும் மங்காது, பழையபடி திரும்பாது. சூடு அளவு மீறினால் கல்லுக்குள் சிறைப்பட்டிருக்கும் நீர் வெளியேறிக் கல் பால்போல மங்கிவிடும்.

சூடேற்றுவது ஏமாற்று வேலை அல்ல. உலகமெங்கும் நடக்கிறது, ஆய்வகத்தில்கூடப் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. என் குறை வேறு. சந்தை நீலத்தையே கேட்பதால், பச்சை கலந்த கல்லை 'மட்டம்' என்று ஒதுக்கும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் இதற்கு நேர்மாறாக மதிப்பிட்டார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

டர்கோயிஸும் நீலப்பச்சைதானே, அது வேறா?

முற்றிலும் வேறு. டர்கோயிஸ் ஒளி புகாத கல், அதன் நிறம் செம்பினால் வருவது. பிரேசிலின் பராயிபா டூர்மலினும் செம்பால் நிறம் பெறுவது. மின்விளக்குபோல எரியும், விலையும் அப்படியே எரிக்கும். இன்னொரு நீலப்பச்சைக் கல்லான அமேசானைட், ஃபெல்ஸ்பார் என்ற வேறு கனிம வகை. ஒளி புகும் கல், வெளிர்நிறம், இரும்பின் நீலம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அக்வாமரின்.

இது பூமிக்குள் எப்படி உருவாகிறது?

பெரிலியம் எங்கும் கிடைக்கும் பொருள் அல்ல. பூமியின் மேலோட்டில் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கிறது. அப்படிச் சிதறிக் கிடப்பது ஓரிடத்தில் கூடினால்தான் பெரில் பிறக்கும். கூட்டி வைக்கும் வேலையைச் செய்வது கிரானைட் குழம்பு.

ஆழத்தில் கிரானைட் குழம்பு மெல்ல ஆறும்போது வெங்கச்சங்கல், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் ஆகியவை முதலில் உறைகின்றன. இவற்றின் கட்டமைப்பில் பெரிலியத்துக்கு இடம் கிடையாது. அதன் அணு மிகச் சிறியது, யாரோடும் ஒட்டாது. பந்தியில் இடம் கிடைக்காதவர் அடுத்த பந்திக்குக் காத்திருப்பதுபோல, அது மிச்சக் குழம்பிலேயே தங்கிவிடும். குழம்பு உறைய உறைய மிச்சம் குறையும், அதில் பெரிலியத்தின் செறிவு ஏறிக்கொண்டே போகும். அதேபோல இடம் கிடைக்காத நீர், ஃபுளோரின், போரான், லித்தியம் எல்லாம் அங்கேயே கூடும்.

இந்தக் கடைசிச் சொட்டுதான் விசேஷம். நீரும் ஃபுளோரினும் நிறைந்திருப்பதால் அது கெட்டியாக இல்லாமல் இளகி ஓடும். சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் புகுந்து உறையும். இப்படி உறைந்த வரிகளைப் பெக்மடைட் என்கிறார்கள். இளகிய குழம்பில் அணுக்கள் எளிதில் நகர முடியும். புதிய படிகங்கள் நிறைய முளைக்காது, முளைத்தவை வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பெக்மடைட்டில் எல்லாமே ராட்சத அளவு. மடகாஸ்கரின் மலக்கியலினாவில் கிடைத்த ஒரு பெரில் படிகத்தின் நீளம் 18 மீட்டர். நகைக்கு ஆகாத மங்கல் கல்தான், ஆனாலும் ஆறு மாடிக் கட்டடத்தைப் படுக்க வைத்த நீளம்.

நகைக்கு ஆகும் கல் வளர இன்னொன்றும் வேண்டும், அது வெற்றிடம். பெக்மடைட்டின் நடுவில், பிரிந்த நீரும் வாயுவும் குமிழ் கட்டி, அறை போன்ற பொந்துகள் உண்டாகும். முட்டிமோத ஆளில்லாத அந்தப் பொந்துக்குள், சுமார் 650 முதல் 400 டிகிரி வரையிலான சூட்டில், படிகம் நீண்டு வளரும். ஆறு பக்கம், தட்டையான தலை, பென்சில் துண்டு மாதிரி. பிறகு அதே சுடுநீர் திரும்பி வந்து படிகத்தின் மேற்பரப்பை அரித்துப் போவதும் உண்டு. அப்போது குழிகளும் கோடுகளும் விழும், சில சமயம் படிகமே கரைந்து காணாமல் போகும். இயற்கை கொடுத்ததைத் திருப்பி எடுக்கும் முன் நம் கையில் சிக்கியவைதான் கடைக்கு வருகின்றன.

மரகதமும் இதே கனிமம் என்றால் அதற்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை?

மரகதத்தின் பச்சைக்குக் குரோமியமோ வெனேடியமோ வேண்டும். பெரிலியம் கிரானைட் பக்கத்து ஆள். குரோமியமோ இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறையில் இருப்பது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். பாறைகள் ஒன்றையொன்று நெரிக்கும் இடத்தில்தான் சந்திப்பு நடக்கும், அந்த நெரிசலில் வளரும் கல்லில் கீறலும் வெடிப்பும் சகஜம். அக்வாமரினுக்கு இரும்பு போதும், அது எங்கும் உண்டு. பொந்துக்குள் நிம்மதியாக வளர்வதால் கண்ணுக்குக் குறை தெரியாத பெரிய கற்கள் கிடைக்கின்றன. ஆகவே, குறையுள்ள மரகதத்தை வாங்கலாம், குறையுள்ள அக்வாமரினை வாங்க வேண்டியதில்லை.

கடினத்தன்மை, அடர்த்தி போன்ற எண்கள் என்ன?

கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் 7.5 முதல் 8. வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள் 7, ஆகவே அன்றாடம் அணிந்தால் சீக்கிரம் தேயாது. அடர்த்தி எண், அதாவது அதே கனஅளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.7க்குச் சற்று மேல்கீழ். ஒளிவிலகல் எண் 1.57 முதல் 1.59க்குள் வரும். வைரம்போல நெருப்புக் கக்காது. தெளிந்த நீர்போல அமைதியாக இருக்கும். நம் கல் வியாபாரிகள் சொல்லும் 'நீரோட்டம்' என்ற சொல் இந்தக் கல்லுக்கென்றே பிறந்தது போலத் தோன்றும்.

அணுக் கட்டமைப்பில் ஓர் அழகு உண்டு. சிலிக்கானும் ஆக்சிஜனும் ஆறாறாக வளையம் கட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கி, படிகத்தின் நீளவாக்கில் குழாய்களாக நிற்கின்றன. அந்தக் குழாய்களில் நீர் மூலக்கூறும் சோடியம், சீசியம் போன்றவையும் அடைந்து கிடக்கும். கடல்நீர் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது, கல்லுக்குள் உண்மையிலேயே கொஞ்சம் நீர் இருக்கிறது என்று.

கல்லைத் திருப்பினால் நிறம் மாறுகிறதே?

அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு திசையில் பார்த்தால் நீலம், இன்னொரு திசையில் ஏறக்குறைய நிறமே இல்லை. பட்டை தீட்டுபவர் கல்லின் முகத்தைப் படிகத்தின் நீளவாக்குக்கு இணையாக வைத்து வெட்டினால்தான் முழு நீலம் மேலே வரும். அக்வாமரின் நீள்சதுரமாகவே அதிகம் வெட்டப்படுவதற்கு இது ஒரு காரணம். படிகமும் நீளம், வீணாவதும் குறைவு. வெளிர்நிறக் கல் என்பதால் சிறிய துண்டில் நிறம் தெரியாது. மூக்குத்திக்கு இதை வைத்துவிட்டு 'வெள்ளைக்கல் கொடுத்துவிட்டார்கள்' என்று சண்டை போட்டுப் பயனில்லை.

உலகில் எங்கெல்லாம் கிடைக்கிறது?

முதலில் பிரேசில், குறிப்பாக மினாஸ் ஜெராயிஸ் மாநிலம். 1910இல் அங்கே மாரம்பாயா என்ற இடத்தில் 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள, நகைத்தரம் கொண்ட ஒரே படிகம் கிடைத்தது. 1980களின் கடைசியில் கிடைத்த இன்னொரு பெரும் படிகத்தை ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் பெர்ன்ட் மூன்ஸ்டைனர் என்ற கலைஞர் தூபி வடிவில் செதுக்கினார். 'டோம் பெட்ரோ' என்ற அந்தக் கல் 10,363 காரட், அதாவது இரண்டு கிலோவுக்கும் மேல். இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடர்நீலத்துக்குப் பெயர்போனது சான்டா மரியா என்ற பிரேசில் ஊர். மொசாம்பிக்கிலிருந்து அதே நிறத்தில் கல் வந்தபோது அதற்கும் 'சான்டா மரியா ஆப்பிரிக்கானா' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். சேலத்து மாம்பழம் எந்த ஊரில் விளைந்தாலும் சேலத்து மாம்பழம்தானே.

பாகிஸ்தான் பக்கம் ஸ்கர்டு அருகே ஷிகார் பள்ளத்தாக்கிலும், நைஜீரியா, சாம்பியா, மடகாஸ்கர் ஆகிய நாடுகளிலும் எடுக்கிறார்கள். இலங்கையின் ரத்தினபுரிப் பக்கத்துச் சரளைகளிலும் கொஞ்சம் கிடைக்கும்; அங்கே நீலக்கல்லுக்கு இருக்கும் மவுசு இதற்கு இல்லை.

தமிழ்நாட்டில் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

திருப்பூர் மாவட்டத்தில், திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் படியூர் என்று ஓர் ஊர். சுற்றிலும் பழைய நைஸ் பாறை, அதற்குள் பெக்மடைட் வரிகள். அங்கே பெரில் தோண்டியிருக்கிறார்கள். 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்ததாகப் பழைய ஆங்கிலேயப் பதிவுகள் சொல்கின்றன. ஆனால் ஹீத்துக்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்தில் கல் தொழில் நடந்தது.

நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கி அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்தவற்றில் முக்கியமானது அழகான மணிகள் மட்டும் அல்ல. கச்சாக் கல், பாதி உடைத்தது, பாதி தீட்டியது, துளையிடும்போது உடைந்தது, முடிந்த மணி என்று வேலையின் எல்லா நிலைகளும் கிடைத்தன. அதாவது அங்கே பட்டறை இருந்திருக்கிறது. பெரில், நீலக்கல், ஸ்படிகம், சூதுபவளம் எல்லாம் அந்தப் பட்டறைகளில் புழங்கின.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பெரில் 8 வரை கடினமானது. மணலைப் போட்டுத் தேய்த்தால் மணல்தான் தேயும். அந்தக் காலத்தில் எதைக் கொண்டு தீட்டினார்கள்? அதற்கும் பக்கத்திலேயே விடை இருக்கிறது. சிவன்மலைப் பாறையில் 9 கடினத்தன்மை கொண்ட குருந்தம் கிடைக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹாலந்து என்ற அறிஞர் 1901இல் அந்தப் பாறைத் தொடரைப் பற்றி விரிவாகவே எழுதினார். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று உலகம் சொல்வது நம் குருந்தம் என்ற சொல்லைத்தான். கல்லும் பக்கத்தில், சாணைப்பொடியும் பக்கத்தில். தொழில் அங்கே வளர்ந்ததில் வியப்பில்லை.

ரோமானியர்கள் வாங்கியது இந்தக் கற்களைத்தானா?

ரோம் எழுத்தாளர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று எழுதினார். எந்தக் கல் உயர்ந்தது என்றும் சொன்னார்: தெளிந்த கடலின் பச்சையை ஒத்தது. இந்தியர்கள் நீளமான கற்களை விரும்பித் துளையிட்டு யானை மயிரில் கோக்கிறார்கள் என்றும் குறித்தார். ஆறு பக்க வடிவத்தைக் கல் வேலைக்காரர்களே வெட்டி உண்டாக்குகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம், அது படிகம் தானாகவே எடுக்கும் வடிவம். பெரிலைத் தோண்டி எடுத்தவரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி 'புன்னாட'வைப் பெரில் கிடைக்கும் ஊராகக் குறிப்பிட்டார். மைசூர்ப் பக்கத்துப் புன்னாடு அது என்பர். சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்து எல்லா வகை ஒளிபுகும் கற்களும் ஏற்றுமதியாயின என்று பெரிப்ளூஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடும் கூறுகிறது. கரூரிலும் கோவை வெள்ளலூரிலும் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. ரோமில் செதுக்கிய ஒரு குறிப்பிட்ட கல் படியூரில் பிறந்தது என்று நிரூபிப்பது வேறு விஷயம். ஆனால் பெரில் வேண்டும் என்றால் அன்று எந்தத் திசைக்குக் கப்பல் விட வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பிளினி இன்னொன்றும் எழுதினார். இந்தியர்கள் ஸ்படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலிக் கல் செய்வதில் கெட்டிக்காரர்கள், அதிலும் பெரிலைத்தான் அதிகம் செய்கிறார்கள் என்று. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெரில் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வைடூரியமும் இதுவும் ஒன்றா?

இன்றைய வழக்கில் ஒன்றல்ல. நவரத்தினத்தில் வைடூரியம் என்று நாம் வாங்குவது பூனைக்கண் கல். அது கிரைசோபெரில், பெயரில் பெரில் இருந்தாலும் கனிமம் வேறு.

ஆனால் பெயரின் வரலாறு வேறு மாதிரி போகிறது. ஆங்கிலத்துப் பெரில் கிரேக்கத்தின் 'பெரிலோஸ்' என்பதிலிருந்து வந்தது. அது பிராகிருதத்தின் 'வேருலிய', பாலியின் 'வேளுரிய' என்பதிலிருந்து போனது. அதன் சமஸ்கிருத வடிவம்தான் வைடூர்யம். அந்தச் சொல்லுக்கே திராவிட மூலம் உண்டு, ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது என்று கருதும் மொழியியலாளர்கள் இருக்கிறார்கள். ஆக, பழைய வைடூரியம் பெரிலாக இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் பெயர் மட்டும் பூனைக்கண்ணுக்குப் போய்விட்டது. கல் இங்கேயே கிடக்க, அதற்கு நாம் லத்தீன் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம்.

ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு 'பிரில்லே' என்று பெயர். அதுவும் பெரில்தான், தெளிவான கல்லைத் தேய்த்து லென்ஸ் செய்த காலத்தின் எச்சம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் ஏமாறுவது நீல டோபாஸிடம். கதிர்வீச்சு கொடுத்து நிறமேற்றிய டோபாஸ், பார்வைக்கு இதே மாதிரி, விலையில் மிகக் குறைவு. ஆனால் கனம் அதிகம். அடர்த்தி எண் 3.5க்கு மேல்.

நகையில் பதிக்காத கல் என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் கல்லை எடை போடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, நீரில் முழுக்கித் தொங்கவிட்டு எடை பாருங்கள். முதல் எடையை, நீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் அடர்த்தி எண் வரும். 2.72 கிராம் கல் நீரில் ஒரு கிராம் குறைந்தால் பெரிலுக்குப் பொருந்துகிறது. 3.5 என்று வந்தால் டோபாஸ். கல் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கில் பிழை பெருகும். தவிர, ஸ்படிகம் 2.65, கண்ணாடி எந்த எண்ணிலும் வரலாம். ஆகவே இந்தச் சோதனை டோபாஸைத் தள்ளும், மற்றவற்றைத் தள்ளாது.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். உருண்டைக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி. ஒரே திசையில் மழைக்கம்பி போல நுண்குழாய்கள் தெரிந்தால் பெரிலாக இருக்கும். திருப்பும்போது நிறத்தின் அளவு கொஞ்சமும் மாறாவிட்டால் சந்தேகப்படுங்கள். பெரிய தொகை என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு, ஒளிவிலகல் எண் பார்க்கும் ரத்தின ஆய்வகத்துக்குப் போங்கள். கல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் அது சிறு பங்குதான்.

மிக அடர்ந்த நீலத்தில், மலிவாக ஒரு கல் வந்தது. வாங்கலாமா?

நிதானியுங்கள். மாக்சீஷ் என்று ஒரு வகை பெரில் இருக்கிறது, 1917இல் பிரேசிலின் மாக்சீஷ் சுரங்கத்தில் முதலில் கிடைத்தது. கண்ணைப் பறிக்கும் நீலம். அந்த நீலம் இரும்பால் வந்ததல்ல, கதிர்வீச்சால் வந்தது; வெளிச்சம் பட்டால் மங்கும். பிற்காலத்தில் வெளிர்பெரிலுக்குச் செயற்கையாகக் கதிர்வீச்சு கொடுத்தும் இதைச் செய்து விற்றார்கள். அக்வாமரினின் இயல்பு வெளிர்மைதான். நம்ப முடியாத நீலம் என்றால் நம்ப வேண்டாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வெதுவெதுப்பான நீர், துளி சோப்பு, பழைய மெல்லிய பல்துலக்கி. போதும். ஆசாரி நகையைப் பற்றவைக்கும்போது கல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். உள்ளே நீர் இருக்கும் கல்லுக்குத் திடீர்ச் சூடு ஆகாது.

எந்த ராசிக்கு? எந்த மாதத்துக்கு?

மார்ச் மாதத்துக்கு என்கிறார்கள். அந்தப் பட்டியலை 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் கூடித் தயாரித்தது. வியாபாரிகள் போட்ட பட்டியல் என்பது நினைவிருந்தால் சரி. நம் நவரத்தின வரிசையில் அக்வாமரின் என்ற பெயரில் எதுவும் இல்லை.

பெரிலியம் நச்சு என்றால் இந்தக் கல்லை அணியலாமா?

தாராளமாக. பெரிலியம் எடையில் சுமார் 5 சதவீதம்தான், அதுவும் சிலிக்கேட் கட்டமைப்புக்குள் இறுகப் பூட்டியிருக்கிறது. வியர்வையில் கரையாது. கவனிக்க வேண்டியவர் பட்டை தீட்டுபவர். எந்தக் கல்லின் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். நீர் விட்டுத் தீட்ட வேண்டும், முகக்கவசம் வேண்டும்.

இதே பெரிலியத்தின் மீது ஆல்ஃபா துகள்களை மோதவிட்டுத்தான் 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 கண்ணாடித் துண்டுகளும் பெரிலியம். அணுசக்தித் தொடர்பு காரணமாக இந்தியச் சட்டத்தில் பெரில் நெடுங்காலம் அணுக் கனிமப் பட்டியலில் இருந்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

எங்கள் காட்டில் உழும்போது இப்படி ஒரு கல் கிடைத்தது. என்ன செய்வது?

முதலில் சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். அடுப்பில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் வேண்டாம். வெடிப்புள்ள கல் சிதறிவிடும்.

ஆறு பக்கம் தெரிகிறதா பாருங்கள். ஓர் ஓரத்தை வெங்கச்சங்கல்லின் மேல் அழுத்தித் தேயுங்கள். பெரில் என்றால் வெங்கச்சங்கல்லில் கீறல் விழும். உடைந்த பீர்பாட்டில் துண்டு உழவு காட்டில் மழுங்கி, அச்சு அசலாகக் கடல்நிறத்தில் கிடைப்பதும் உண்டு. அது கீறாது. கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள், பக்கத்தில் வெள்ளையாகப் பெரிய பெரிய காக்காப்பொன் தகடுகளோடு பாறை வரி ஓடுகிறதா கவனியுங்கள். மேலே கிடந்ததை எடுத்தது வேறு, குழி போட்டுத் தோண்டுவது வேறு. தோண்ட அரசின் அனுமதி வேண்டும்.

கடைசியாக ஒன்று. கல்லின் நடுவே நேர்த்தியாக ஒரு துளை இருந்தால், அது பாறையிலிருந்து வந்த கல் அல்ல, யாரோ கோத்து அணிந்த மணி. அப்போது கல் வியாபாரியிடம் போகாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னாலே தகவல் மேலே போகும். மணியைக் கழுவ வேண்டாம், துளைக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் நோண்டவும் வேண்டாம். எதைக் கொண்டு துளைத்தார்கள் என்பதற்கான தடயம் அந்தத் துளைக்குள்தான் இருக்கிறது.